தரைக் கண்காணிப்பு ரேடார்: நாலு ராத்திரியா என் மாடியில நடக்கிறது யாரு?

மாடிவீட்டு_மின்னணு · இரவு 11.42

சிரிக்காமப் படிங்க, உதவி வேணும்.

எல்லையில ராணுவம் வெச்சிருக்கிற தரைக் கண்காணிப்பு ரேடார் பத்தி எங்கேயோ படிச்சேன். ஆள் நடக்கிறதைக் காதாலயே கேட்டுக் கண்டுபிடிப்பாங்களாம். அந்த ஆசையில எச்பி100ங்கிற குட்டி ரேடார் மாட்யூல் ஒண்ணு வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான், 10.525 கிகாஹெர்ட்ஸ். அதுலருந்து வர்ற சிக்னல் மைக்ரோவோல்ட் கணக்குல இருக்கும்ங்கிறதால எல்எம்358 சிப்புல ரெண்டு ஸ்டேஜ் ஆம்ப்ளிஃபையர், பின்னாடி ஹெட்போனை ஓட்ட எல்எம்386 சிப், அதுக்குப் பின்னாடி அண்ணனோட பழைய ஹெட்போன். பக்கத்துல ஆர்டுயினோங்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு அதிர்வெண்ணை எண்ணி வேகமா மாத்திக் காட்டும். மணிக்கு 1 கிமீ வேகத்துக்கு 19.49 ஹெர்ட்ஸ், டேட்டாஷீட்லயே இருக்கு.

பகல்ல அருமையா வேலை செய்யுது. அம்மா வடகம் பிழிய மாடிக்கு வந்தா ‘வ்வூ… வ்வூ… வ்வூ’ன்னு அடி எடுத்து வைக்கிறது ஒவ்வொண்ணாக் கேட்குது. ரூம்ல டேபிள் ஃபேன் பக்கவாட்டுல ஓடினா லாரி வர்ற மாதிரி ஊளையிடுது.

ராத்திரிதான் பிரச்சனை. கைப்பிடிச் சுவர் மேல மாட்யூலை வெச்சுப் படிக்கட்டு ரூம் பக்கம் திருப்பினா திரையில 5.1 கிமீ. ஆள் நடக்கிற வேகம். நாலு ராத்திரியா நடக்கிறார், வந்து சேரவே இல்லை. காத்து இல்லை, தென்னை மட்டை அசையலை. பூனைன்னா இவ்வளவு பொறுமையா நடக்காது.

கேள்வி ஒண்ணு: யாரு இவர்? கேள்வி ரெண்டு: நிஜமான எல்லை ரேடார்லயும் இப்படிப் பேய் வருமா?

சந்தேகப்பிராணி · இரவு 11.50

எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய். ஆண்டெனாவுலயே கட்டுங்க.

ஈசிஇ_வாத்தியார் · காலை 6.15

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன். வரும். தாராளமாக வரும். இந்த வகை ரேடாரைக் கட்டுபவர்களின் பாதி ஆயுள் பேய் ஓட்டுவதிலேயே போகிறது.

வானத்தைப் பார்க்கும் ரேடாருக்குப் பின்னணி பெரும்பாலும் காலி. தரையைப் பார்க்கும் ரேடாருக்கு எதிரே வரப்பு, பாறை, மரம், கம்பிவேலி, மண்மேடு. ஒரு மனிதனின் எதிரொலிப் பரப்பு, அதாவது ரேடாருக்கு அவன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறான் என்ற அளவு, சுமார் 1 சதுர மீட்டர். அவனுக்குப் பின்னால் நிற்கும் குன்று அவனைவிடப் பல ஆயிரம் மடங்கு உரக்கக் கத்தும். அந்தக் கூச்சலில் அவனைப் பிரித்தெடுக்க நம்மிடம் உள்ள துப்பு ஒன்றுதான்: குன்று நகராது, அவன் நகர்வான். நகர்ந்தால் திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாறும். 1842இல் டாப்ளர் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் சொன்னது, அந்த மாற்றத்துக்கே அவர் பெயர்தான். மூன்று வருடம் கழித்து நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, ரயிலடியில் இசை தெரிந்தவர்களை நிற்கவைத்துச் சோதித்தார்கள். அன்றைக்கே காதுதான் கருவி.

ரேடாரில் அலை போகவும் வேண்டும், வரவும் வேண்டும் என்பதால் மாற்றம் இரட்டிப்பு. வேகத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் போதும். உங்கள் 10.525 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.85 செமீ. நடக்கிற ஆளுக்கு 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படை வைத்திருந்த ஏஎன்/பிபிஎஸ்-5 ரேடார் 16 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடியது. அதில் அதே ஆள் சுமார் 150 ஹெர்ட்ஸ். ஆண்குரலின் சுருதிக்கு ரொம்பத் தூரமில்லை. இது எனக்கு எப்போதும் வியப்பு. யாரும் திட்டமிடாமலேயே மனித நடையின் டாப்ளர் மனிதக் காதுக்குள் வந்து விழுகிறது, எதையும் மாற்ற வேண்டியதில்லை, பெருக்கி ஹெட்போனில் கொடுத்தால் போதும்.

உங்கள் மாட்யூலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தூரம். எச்பி100 நிறுத்தாமல் அலை அனுப்புகிறது. வேகம் சொல்லும், தூரம் சொல்லாது. நெருங்குகிறாரா விலகுகிறாரா என்பதும் ஒற்றைச் சேனலில் தெரியாது. களக் கருவி துடிப்பு துடிப்பாக அனுப்பும். போய்வர 1 மைக்ரோ விநாடி ஆனால் பொருள் 150 மீட்டரில் இருக்கிறது. பிபிஎஸ்-5இல் திரையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்தத் தூரத்திலிருந்து வருவதை மட்டும் காதில் கேட்கலாம். நடக்கும் ஆளுக்கு 5 கிமீ, வண்டிக்கு 10 கிமீ என்பது அதன் கணக்கு. இன்னும் பழைய வகைத் திரைகளில் நிற்கும் பொருளின் எதிரொலி ஆடாமல் இருக்கும், நகர்வது மட்டும் மேலும் கீழும் துடிக்கும். அதைப் ‘பட்டாம்பூச்சி’ என்பார்கள்.

முதல் கேள்விக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மின்சாரம் எதிலிருந்து கொடுக்கிறீர்கள்? அடாப்டரா?

மாடிவீட்டு_மின்னணு · காலை 7.02

பவர் பேங்க் சார். அடாப்டர் ஹம் இருக்கும்னு நானும் முதல்லயே மாத்திட்டேன். பேய் போகலை.

சந்தேகப்பிராணி · காலை 9.30

எல்லாம் சரி. தெர்மல் கேமரா இருக்கிற காலத்துல இதெல்லாம் எதுக்கு? கேமராவுல ஆளே தெரியறான், கையில என்ன வெச்சிருக்கான்னுகூடத் தெரியுது. இதுல வெறும் ‘வ்வூ’. ஆபீசர்கள் வாங்கணும்னு வாங்கறது.

பழைய_சிப்பாய் · பகல் 1.20

தம்பி, ஒரு ஜனவரி மாசம் ஜம்மு பக்கம் எல்லையில போய் நின்னுட்டு வந்து இதை எழுதுங்க.

நான் அங்க இருந்தவன். எந்த யூனிட், எந்த இடம்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். அங்க டிசம்பர் கடைசியிலருந்து மூடுபனி இறங்கினா கையை நீட்டினா விரல் தெரியாது. தெர்மல் கேமராவுல பார்த்தா திரை முழுக்கச் சாம்பல். ரேடாருக்குப் பனி இருக்கிறதே தெரியாது. அவன் பாட்டுக்குச் சுத்துவான். கேமராவுக்கு இன்னொரு கஷ்டம், அது பார்க்கிறது ஒரு சின்ன ஜன்னல் வழியா. எந்தப் பக்கம் திருப்பணும்னு யாராவது சொல்லணும். ரேடார்தான் சொல்லும்.

கடைசி வருஷங்கள்ல நான் உட்கார்ந்தது பிஎஃப்எஸ்ஆர்ங்கிற தரைக் கண்காணிப்பு ரேடார் செட்டுல. பெங்களூர்ல இருக்கிற ராணுவ ரேடார் ஆய்வகம் எல்ஆர்டிஇ வடிவமைச்சு பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி செய்யறது. மூணு பொதியாப் பிரிச்சு மூணு பேர் முதுகுல ஏத்திக்கிட்டுப் போகலாம். மூணுகாலி, ஆண்டெனா, பேட்டரி, கம்ப்யூட்டர் பெட்டி. மேப் மேலயே புள்ளி விழும், வகை பிரிச்சுச் சொல்லும். ஆனாலும் ஹெட்போன் உண்டு, சந்தேகம் வந்தா நாங்க கைவைக்கிறது அதுலதான்.

மனுஷன் நடந்தா உடம்பு ஒரு சுருதி. அது மேல கையும் காலும் முன்ன பின்ன வீசறது தனியா ஏறி இறங்கும். நொடிக்கு ரெண்டு அடி. தறி ஓடற மாதிரி ஒரு தாளம். நீல்காய்னு ஒரு மிருகம், குதிரை மாதிரி உயரம், அந்தப் பக்கம் ஏராளம். நாலு கால், தாளம் குழம்பிக் கேட்கும், நடுவுல நின்னு மேயும், சத்தம் அறுந்து போகும். மேயறவன் எல்லையைத் தாண்ட வந்தவன் இல்ல. ஜீப்புன்னா சீட்டி. டாங்கி மாதிரி செயின் வண்டின்னா சீட்டிக்குள்ள ஒரு கரகரப்பு, ஏன்னா செயினோட மேல்பக்கம் வண்டியைவிட ரெண்டு மடங்கு வேகமா ஓடுது, கீழ்ப்பக்கம் மண்ணுல நிக்குது.

புதுசா வந்த பையனுக்கு முதல் வாரம் எல்லாமே ஆள்தான். நாணல் ஆடினா ஆள், மழை பெஞ்சா ஆயிரம் ஆள். ஒரு ராத்திரி நீல்காய்க் கூட்டத்துக்கு மொத்த போஸ்டையும் எழுப்பினவனை எனக்குத் தெரியும். அது யாருன்னும் கேட்காதீங்க.

மின்னணு தம்பி, உங்க பேய் மூச்சு விடுதா? சத்தம் ஏறி இறங்குதான்னு கேட்கறேன்.

மாடிவீட்டு_மின்னணு · பகல் 1.48

ஐயா, இல்லை. தம்புரா மாதிரி ஒரே ‘ம்ம்ம்ம்’. இப்ப யோசிச்சா அம்மா நடக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆர்டுயினோ காட்டுற நம்பரை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். ராத்திரி மறுபடி கேட்டுட்டுச் சொல்றேன்.

பழைய_சிப்பாய் · பகல் 1.55

கால் இல்லாம நடக்கிறவன் மனுஷன் இல்ல.

சந்தேகப்பிராணி · பகல் 2.10

அதானே நானும் சொன்னேன். பேய்னு 😀

ஐயா, மூடுபனி சமாச்சாரம் ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு நல்ல கருவின்னா 2016 ஜனவரியில பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள்ள தீவிரவாதிங்க எப்படி வந்தாங்க?

ஈசிஇ_வாத்தியார் · மாலை 4.40

நியாயமான கேள்வி. ‘ரேடார் இருந்தால் எல்லாம் தெரியும்’ என்கிற நினைப்புதான் தப்பு. கணக்கைப் பாருங்கள்.

ரேடாரில் திரும்பி வரும் சக்தி தூரத்தின் நான்காம் அடுக்கில் குறைகிறது. தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமா, 16 மடங்கு சக்தி கொடு. அதனால்தான் மனிதனைவிட 100 மடங்கு பெரிய எதிரொலி தரும் காரை 100 மடங்கு தூரத்தில் பார்க்க முடிவதில்லை. வெறும் 3.2 மடங்கு. முதுகில் தூக்கிப்போகும் கருவியில் பேட்டரிக்கும் எல்லை உண்டு.

அடுத்து ஆண்டெனா. 60 செமீ அகலத்துக்கு மேல் ஒருவர் தூக்கிக்கொண்டு நடப்பது சிரமம். 3 செமீ அலைக்கு அந்த அகலம் தரும் பீம், அதாவது அலைக்கற்றையின் விரிவு, சுமார் 3 பாகை. 5 கிமீ தூரத்தில் அது 260 மீட்டர் அகலம். ‘அங்கே ஏதோ நகர்கிறது’ என்று அவ்வளவு அகலத்தைக் காட்டினால் யாரை எங்கே அனுப்புவது? இங்கேதான் கேமரா. சந்தேகப்பிராணி கேமராவையும் ரேடாரையும் போட்டியாளர்களாக நிறுத்துகிறார், களத்தில் ஒன்று எழுப்பிவிடும், மற்றது பார்க்கும்.

அப்புறம் நேர்க்கோட்டுப் பார்வை. ஓடைப்பள்ளத்துக்குள் இறங்கியவன் ரேடாருக்கு இல்லாதவன். சம தரையிலேயே 2 மீட்டர் உயர மூணுகாலியில் வைத்தால் அடிவானம் ஏறக்குறைய 6 கிமீயில் முடிந்துவிடும். கடைசியாக, ரேடாரைச் சுற்றி வட்டமாக நடப்பவனின் உடம்பு டாப்ளரே தருவதில்லை. அவன் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கைகால் வீச்சு கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஒரே இடத்தில் ஒரே ரேடாரை வைத்துவிட்டுத் தூங்க முடியாது என்பதற்கு அதுவும் காரணம்.

பதான்கோட்டுக்குப் பிறகு பேச்சு மாறியதும் இந்தத் திசையில்தான். 2018 செப்டம்பரில் ஜம்முவில் தலா 5.5 கிமீ நீளத்தில் இரண்டு பகுதிகளில் ஒருங்கிணைந்த கண்காணிப்பைச் சோதனையாகத் தொடங்கினார்கள். தரை ரேடார், தெர்மல் கேமரா, மண்ணுக்கடியில் உணரிகள், எல்லாம் ஒரே கட்டுப்பாட்டு அறைக்கு. 2019 மார்ச்சில் அசாமின் துப்ரியில் பிரம்மபுத்திரா ஓடும் 61 கிமீ எல்லையில் இன்னொன்று. அங்கே வேலி போடவே முடியாது, ஆறு வருடா வருடம் இடம் மாறுகிறது.

பறவைப்பார்வை · மாலை 5.05

தரையிலிருந்து பார்த்தால்தானே பள்ளம் மறைக்கும்? 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா அப்போது சோதனையில் இருந்த இரண்டு ஜேஸ்டார்ஸ் விமானங்களை அனுப்பி, மேலிருந்தே தரையில் நகரும் வண்டிகளைப் பார்த்ததே.

ஈசிஇ_வாத்தியார் · மாலை 5.12

பார்த்தது. ஆனால் விமானமே நகர்வதால் மலையும் மரமும்கூட டாப்ளர் தரும். அதை நீக்குவது வேறு கணக்கு. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

மேற்குமலை_விவசாயி · மாலை 6.30

வணக்கமுங்க. நீங்க எல்லையப் பத்திப் பேசறீங்க, எனக்கு என்ற காட்டைப் பத்திக் கவலை. மலையடிவாரத்துல மூணு ஏக்கரா மக்காச்சோளமுங்க. காட்டுப்பன்னி ராத்திரியில வந்து ஒரே மணி நேரத்துல பாதிய மிதிச்சுப்போட்டுப் போயிருது. ஆனையும் வருமுங்க, அதுக்குச் சத்தம் வேண்டாம், பார்த்தாலே தெரியும். மதுக்கரையில ரயில் தண்டவாளத்துக்குப் பக்கம் 12 டவர் வெச்சு ஆனைய முன்கூட்டியே கண்டுபிடிக்கறாங்களே, அது ரேடாருங்களா? அந்தத் தம்பி வெச்சிருக்கற பெட்டி என்ற காட்டுக்கு ஆகுமுங்களா?

ஈசிஇ_வாத்தியார் · இரவு 7.45

ஐயா, மதுக்கரையில் 2024இல் வைத்தது கேமராக்கள். தெர்மலும் சாதாரணமும் கலந்து, படத்தை ஏஐ பார்த்து யானையா என்று சொல்லும். ரேடார் இல்லை.

உங்கள் காட்டில் சிக்கல் மக்காச்சோளமேதான். 3 செமீ அலைக்கு அந்த இலை ஒரு சுவர் மாதிரி. ஈர இலை அலையைக் குடித்துவிடும், மிச்சத்தைச் சிதறடிக்கும். போதாததற்குக் காற்றில் அதுவும் ஆடும். வியட்நாமில் அமெரிக்கர்கள் இதே அடியைத்தான் வாங்கினார்கள். வெட்டவெளியில் 5 கிமீ பார்த்த கருவிக்குக் காட்டோரத்தில் மரவரிசையைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. அதற்காகவே அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகத்தில் கேம்ப் சென்டினல் என்று ஒரு ரேடார் செய்தார்கள். அலைநீளம் முக்கால் மீட்டருக்குப் பக்கம், உயரமான கோபுரத்தின் மேல் ஆண்டெனா. நீளமான அலை இலைகளுக்கு நடுவே ஓரளவு நுழைந்து வந்துவிடும். விலையும் அளவும் வீட்டு வேலைக்கு ஆகாது.

பயிருக்குள் தேடாதீர்கள். பன்றி காட்டிலிருந்து உங்கள் வரப்புக்கு வரும் வழியில் பத்தடி வெறுந்தரை இருக்குமே, அங்கே அந்தச் சின்னப் பெட்டி பத்துப் பதினைந்து மீட்டருக்கு வேலை செய்யும். மழை நாளில் நம்பாதீர்கள்.

மேற்குமலை_விவசாயி · இரவு 8.02

வண்டித்தடம் ஒண்ணு இருக்குதுங்க. அதுல வெச்சுப் பார்க்கறேன்.

மாடிவீட்டு_மின்னணு · இரவு 8.55

மாடியிலதான் இருக்கேன். 5.1. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போன்ல பதிவு பண்ணிப் பார்த்தேன், ஸ்பெக்ட்ரம்ல கம்பி மாதிரி ஒரே ஒரு கோடு. அம்மா நடந்ததைப் பதிவு பண்ணினது கொடிமல்லி படர்ந்த மாதிரி இருக்கு.

ஈசிஇ_வாத்தியார் · இரவு 8.58

5.1ஐ விடுங்கள். ஆர்டுயினோ அதைக் கணக்குப் போடுவதற்கு முன்னால் எத்தனை ஹெர்ட்ஸ் எண்ணியது?

மாடிவீட்டு_மின்னணு · இரவு 9.01

100.

ஈசிஇ_வாத்தியார் · இரவு 9.02

சரியாக 100. மாடியில் இப்போது என்ன விளக்கு எரிகிறது?

மாடிவீட்டு_மின்னணு · இரவு 9.03

படிக்கட்டு ரூம் வாசல்ல பழைய டியூப்லைட். சோக்கு, ஸ்டார்ட்டர் போட்டது. அது வெளிச்சத்துலதான் வேலையே…

ஐயோ.

மாடிவீட்டு_மின்னணு · இரவு 9.06

அணைச்சேன். போயிட்டார்.

போட்டேன். வந்துட்டார்.

அம்மா கீழேருந்து ‘லைட்டை ஏண்டா நோண்டறே’ன்னு கத்தறாங்க.

ஈசிஇ_வாத்தியார் · இரவு 9.20

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுழற்சிக்கு இரண்டு தடவை, அதாவது நொடிக்கு 100 தடவை, டியூப்புக்குள் இருக்கும் வாயு மின்னூட்டம் பெற்று மங்கும். மின்னூட்டம் பெற்ற வாயு ரேடார் அலைக்கு உலோகக் கம்பி மாதிரி. மங்கும்போது வெறும் கண்ணாடிக்குழாய். ஆகவே உங்கள் எதிரே நொடிக்கு 100 தடவை ஒரு கம்பி தோன்றி மறைகிறது. மாட்யூலுக்கு அது நகர்வா, மினுக்கலா என்று தெரியாது. 100ஐ 19.49ஆல் வகுத்தால் 5.13. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே இதே ஆள் 6.2 கிமீ வேகத்தில் கொஞ்சம் அவசரமாக நடப்பார்.

களக் கருவிகளில் இதன் பெரிய அண்ணன் காற்றாலை. இறகு நுனி மணிக்கு 200 கிமீக்கு மேல் ஓடும், கோபுரம் அங்குலம் நகராது. முப்பந்தல் மாதிரி இடத்தை நோக்கித் தரை ரேடாரைத் திருப்பினால் ஒரு படையே வருவதுபோல் இருக்கும்.

சந்தேகப்பிராணி · இரவு 9.24

எலுமிச்சம்பழம் மிச்சம்.

மாடிவீட்டு_மின்னணு · இரவு 10.37

விளக்கை அணைச்சுட்டு இருட்டுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். முதல்ல ஒண்ணுமே இல்லை, லேசா ‘ஸ்ஸ்’. அப்புறம் திடீர்னு ஒரு சத்தம். திரையில 2 கிமீ, 3, மறுபடி 2. உண்மையான ஆளா இல்லையா சொல்லுங்க ஐயா. பதிவை இணைச்சிருக்கேன். யாருன்னு எனக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன்.

பழைய_சிப்பாய் · இரவு 11.15

மூணு தடவை கேட்டேன். பேரன் ஹெட்போன்ல.

மனுஷன். ரெண்டு கால். வயசானவர், அடி குட்டை, நொடிக்கு ஒண்ணுகூட முழுசா இல்ல. ஒரு அடி நல்லா வீசுது, அடுத்தது இழுத்து வைக்கறார். ஒரு கால் சரியில்ல. கையில குச்சி இருக்குமோன்னு தோணுது, நடுவுல சின்னதா ஒரு சத்தம் வருது, அதை அடிச்சுச் சொல்ல மாட்டேன். கடைசியில நின்னுட்டார். ரொம்ப நேரம் நிக்கறார்.

மாடிவீட்டு_மின்னணு · இரவு 11.19

கீழ் போர்ஷன் தாத்தா. முழங்கால் வலி, கைத்தடி இருக்கு. தண்ணி டேங்க் ரொம்பிடுச்சான்னு பார்க்க வந்தார். இருட்டுல நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துத்தான் நின்னுட்டார்.

மேற்குமலை_விவசாயி · காலை 5.40

தம்பி, அந்த ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட்டைக் கொஞ்சம் படமாப் போடுங்க. வண்டித்தடத்துல லைட்டு எதுவும் இல்லீங்க.